பொக்காராவில் மூன்று இரவு: எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்

கேள்வி இதுதான்: "நவம்பர் தொடக்கத்தில் காட்மாண்டுவிலிருந்து பஸ்ஸில் பொக்காரா போகிறேன். தனியாக, ஒரு முதுகுப்பையோடு. மூன்று இரவு தங்கலாம். படகு, சாரங்கோட் சூரிய உதயம், குகை, பாராகிளைடிங், அப்படியே முக்திநாத், எல்லாம் முடியுமா? செலவு கையைக் கடிக்கக் கூடாது."

முக்திநாத்தை எடுத்துவிடுங்கள். மற்றவை முடியும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்காதீர்கள்.

முக்திநாத்தை விடச் சொல்வது எனக்கும் மனமில்லாத விஷயம்தான். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அது, 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து பொக்காரா வருகிறவர்களில் ஏராளமானோர் அதற்காகவே வருகிறார்கள். பொக்காரா அவர்களுக்கு வழியில் ஓர் இரவு படுத்து எழும் ஊர். ஆனால் உயரத்தைப் பாருங்கள். பொக்காரா சுமார் 800 மீட்டரில் இருக்கிறது, முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். ஜீப்பில் பேனி, தாதோபானி வழியாகக் காளி கண்டகி ஆற்றை ஒட்டிப் போனால் போக ஒரு முழுப் பகல், வர ஒரு முழுப் பகல். முக்திநாத்துக்குப் பக்கத்து ஊரான ஜோம்சோமுக்குச் சின்ன விமானம் உண்டு, இருபது நிமிடம்தான். ஆனால் முற்பகல் தாண்டினால் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எகிறிவிடும். அதனால் விமானங்கள் காலையில் மட்டும் பறக்கும், வானிலை சரியில்லை என்றால் அதுவும் ரத்து. 3 இரவுப் பயணத்தில் இதைத் திணித்தால், மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி, தலைவலியோடு தரிசனம் செய்து, ஓட்டமாக இறங்க வேண்டும். அங்கே 108 நீர்த்தாரைகளின் கீழும் நடந்து, இரண்டு குளங்களிலும் முழுகி, பக்கத்துக் கிராமத்தில் ஓர் இரவு தங்கி வருவதுதான் முறையான போக்கு. பொக்காரா நாட்கள் போக, அதற்கென்று குறைந்தது மூன்று பகல் ஒதுக்கி இன்னொரு முறை போங்கள்.

இனி உங்கள் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மூன்று இரவு என்றால் நான்கு நாள் போலத் தெரியும். காட்மாண்டுவிலிருந்து பொக்காரா 200 கிலோமீட்டர். பிரித்வி நெடுஞ்சாலை வளைவுகள் நிறைந்தது, பல இடங்களில் அகலப்படுத்தும் வேலையும் நடந்துவந்திருக்கிறது. பஸ் காலை ஏழு மணி சுமாருக்குக் கிளம்பினால், போய்ச் சேர ஏழு, எட்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். முதல் நாள் அதிலேயே போயிற்று. கடைசி நாளும் காலையிலேயே பஸ். ஆக, உங்களுக்குக் கிடைப்பது இரண்டு காலைப் பொழுதுகள்.

காலை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இமயமலை காலையில்தான் தெரியும். விடியும்போது வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். பத்து, பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று எழும்பி, சிகரங்களைச் சுற்றி மேகம் கட்ட ஆரம்பித்துவிடும். அக்டோபர், நவம்பரில் இந்தத் தொல்லை மற்ற மாதங்களைவிடக் குறைவு, அதனால் நல்ல மாதத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மழைக்காலத்தில் போனால் ஒரு வாரம் இருந்தும் ஒரு சிகரம்கூடக் காணாமல் திரும்புகிறவர்கள் உண்டு. பொக்காராவுக்குப் பக்கத்தில் இருக்கும் லும்லேதான் நேபாளத்திலேயே அதிக மழை பெறும் இடம், ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அன்னபூர்ணா மலைத்தொடரில் நேராக முட்டுவதே காரணம். இடையில் அதைத் தடுக்கப் பெரிய மலை கிடையாது. இதே காரணத்தால்தான் இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது மலை அவ்வளவு பிரம்மாண்டமாகத் தெரிகிறது. 800 மீட்டரில் நின்றுகொண்டு, நாற்பது சொச்சம் கிலோமீட்டரில், 8,091 மீட்டர் அன்னபூர்ணாவை அண்ணாந்து பார்க்கிறோம்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பலர் ஏமாறுகிற இடம் இது. சுற்றுலாப் படங்களில் ஊரை ஒட்டிய பேவா ஏரித் தண்ணீரில் வெள்ளைச் சிகரம் கவிழ்ந்து தெரியும். ஆனால் நீங்கள் தங்கப்போகிற லேக்சைடு கரையில் நின்றால் அந்தக் காட்சி கிடைக்காது. ஏரிக்கு வடக்கே சாரங்கோட் முகடு எழுந்து நிற்கிறது, அது மலைத்தொடரின் பெரும்பகுதியை மறைத்துவிடும். பிரதிபலிப்பைப் பார்க்க ஏரியின் தெற்குப் பக்கம் போக வேண்டும்: அணைப் பக்கம், அல்லது படகில் எதிர்க்கரை ஓரமாக. அதுவும் காற்று கிளம்புமுன், தண்ணீர் அசையாத நேரத்தில்.

சரி, நாட்களுக்கு வருவோம்.

காட்மாண்டுவில் சோர்ஹகுட்டே பக்கத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா பஸ்ஸையே பிடியுங்கள். உள்ளூர் பஸ்ஸுக்கும் அதற்கும் கட்டண வித்தியாசம் பெரிதில்லை, நேரமும் முதுகும் மிச்சம். வலது பக்க இருக்கை கேளுங்கள், திரிசூலி ஆறும் பிறகு மலையும் பெரும்பாலும் அந்தப் பக்கம் வரும். இரவு பஸ் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் மிச்சமாகும் என்று ஆசை காட்டுவார்கள், ஆனால் அந்தச் சாலையில் ஒரு பக்கம் மண் சரிவு, மறுபக்கம் ஆறு. விமானத்தில் அரை மணி நேரம்தான். பொக்காராவின் புதிய சர்வதேச விமான நிலையம் 2023 ஜனவரி 1 அன்று திறந்தது. அதே மாதம் 15ஆம் தேதி அங்கே இறங்கவிருந்த விமானம் விழுந்து 72 பேரும் இறந்தார்கள். அதன் பிறகு பலர் பஸ்ஸையே விரும்புகிறார்கள், முடிவு உங்களுடையது. இந்தியாவிலிருந்து நேபாளத்துக்கே விமானத்தில் வருவதென்றால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும். ஆதார் பொதுவாகச் செல்லாது.

தங்குமிடத்தை முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டிய கட்டாயம் இல்லை, திஹார் (நேபாளத்துத் தீபாவளி) பண்டிகை வாரமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். அப்போது நேபாளக் குடும்பங்களும் வட இந்தியக் குடும்பங்களும் திரண்டு வருவார்கள். லேக்சைடை உள்ளூர்க்காரர்கள் பைதாம் என்பார்கள். தெற்கே அணைப் பக்கத்திலிருந்து வடக்கே நீண்டு போகும் ஒற்றைச் சாலை அது. நடுவில் ஹல்லன் சவுக் சுற்றுவட்டாரம் கடை, இசை, வெளிச்சம் என்று இரவு வரை ஓயாது. அங்கிருந்து வடக்கே நடக்க நடக்க சத்தமும் வாடகையும் குறைந்துகொண்டே போகும். கஹரே பகுதியில் சந்துக்குள் நுழைந்தால் வீட்டோடு சேர்த்து நாலைந்து அறை கட்டி வாடகைக்கு விடும் குடும்பங்கள் உண்டு. டார்மிட்டரிப் படுக்கைக்கும் அங்கே ஒரு தனி அறைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அறையைப் பார்த்து, வெந்நீர் வருகிறதா என்று திறந்து பார்த்து, பிறகு பேரம் பேசுங்கள். மூன்று இரவு என்று சொன்னாலே விலை கொஞ்சம் இறங்கும்.

முதல் மாலை ஏரிக்கரை நடைபாதையில் நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படுக்கப் போகுமுன் மறுநாள் விடிகாலைக்கு ஒரு டாக்ஸி பேசிவைக்க வேண்டும். மீட்டர் கிடையாது, ஏறுமுன் விலை பேசிவிட வேண்டும். விடுதியில் தங்கியிருக்கும் வேறு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் பங்கு போட்டுக்கொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கு இப்படிச் சேர்ந்துகொள்வதில்தான் பெரிய மிச்சமே இருக்கிறது.

முதல் காலை சாரங்கோட். சுமார் 1,600 மீட்டர் உயரம். நவம்பரில் சூரியன் ஆறேகால் மணிக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும், அதற்கு அரை மணி முன்னதாகவே மேலே இருக்க வேண்டும், அதாவது ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். கம்பளிச் சட்டை அவசியம். ரோப்காரும் உண்டு, ஆனால் அது கிளம்பும் நேரம் சூரியோதயத்துக்கு ஒத்துவருமா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மேற்கே தௌலகிரி, 8,167 மீட்டர். நடுவில் அன்னபூர்ணா தெற்கு. அதற்குப் பக்கத்தில் எல்லாவற்றையும்விட உயரமாகத் தோன்றும் கூர்மையான முக்கோணம் மச்சபுச்சிரே. அதன் உயரம் 6,993 மீட்டர்தான், ஆனால் நமக்கு மிக அருகில் முன்வரிசையில் நிற்பதால் அப்படித் தெரிகிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது புனித மலை. 1957இல் ஜிம்மி ராபர்ட்ஸ் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு ஏறியது. வில்பிரிட் நாய்ஸும் டேவிட் காக்ஸும் உச்சிக்கு 45 மீட்டர் கீழே நின்றுவிட்டுத் திரும்பினார்கள், உச்சியில் கால் வைப்பதில்லை என்று கொடுத்த வாக்குக்காக. அதன்பின் அந்த மலையில் ஏற அனுமதி கொடுப்பதில்லை. 8,000 மீட்டர் மலைகளில் எல்லாம் ஆள் ஏறிய பிறகும், கண்ணெதிரே இருக்கும் ஒரு மலையைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இறங்கும்போது டாக்ஸியை அனுப்பிவிட்டு நடந்தே வாருங்கள். கிராமங்கள் வழியாகப் படிப்பாதை லேக்சைடின் வடமுனைக்கே வந்து சேரும், இரண்டு மணி நேரம் போதும். பாராகிளைடிங் ஆசை இருந்தால் அன்று முற்பகலில் வைத்துக்கொள்ளலாம், பக்கத்து முகடுகளிலிருந்து கிளம்பி ஏரிக்கரையில் இறக்குவார்கள். உங்கள் பயணத்திலேயே பெரிய செலவு அதுவாகத்தான் இருக்கும். பணம் இறுக்கமாக இருந்தால் தயங்காமல் விடுங்கள், நடந்து இறங்கும்போது கிடைக்கும் காட்சிக்குக் கட்டணம் இல்லை.

பிற்பகலில் மேகம் கூடிவிடும் என்பதால் அது கீழே பார்க்க வேண்டியவற்றுக்கான நேரம். இங்கேதான் ஊர் எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டு போனால் எல்லாம் ஒன்றோடொன்று சேரும். பொக்காரா பள்ளத்தாக்கின் தரை முழுக்கச் சரளை. சில நூற்றாண்டுகளுக்கு முன், இடைக்காலத்தில் வந்த பெரும் நிலநடுக்கங்களை ஒட்டி, அன்னபூர்ணாவின் மடியிலிருந்து கல்லும் மண்ணும் சேதி ஆறு வழியாகப் பெருவெள்ளமாக இறங்கி இந்தப் பள்ளத்தாக்கை நிரப்பின. அந்தக் குவியல் பக்கவாட்டு ஓடைகளின் வாயை அடைத்ததால் அங்கங்கே தண்ணீர் தேங்கியது. பேவா ஏரியும் பேக்னாஸ் ஏரியும் இப்படிப் பிறந்தவை. சரளையில் சுண்ணாம்பு அதிகம், தண்ணீர் அதை எளிதில் கரைத்துவிடும். அதனால்தான் ஊருக்குள் சேதி ஆறு சில மீட்டர் அகலமே உள்ள ஆழமான பிளவுக்குள் பால் நிறத்தில் ஓடுகிறது, பல இடங்களில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. கே.ஐ.சிங் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். பேவாவிலிருந்து வெளியேறும் தண்ணீர் தேவி அருவியில் திடீரென்று தரைக்குள் விழுந்து மறைவதும், சாலைக்கு எதிரே குப்தேஸ்வர் குகைக்குள் இறங்கினால் அதே தண்ணீரைப் பாறை இடுக்கில் பார்க்க முடிவதும் இந்தக் காரணத்தால்தான்.

ஊர்க்கதை வேறு மாதிரி சொல்லும். தேவி பிச்சைக்காரியாக வந்தாள், எல்லா வீட்டிலும் விரட்டினார்கள், ஒரு ஏழை வீட்டில் மட்டும் சோறு போட்டார்கள். அந்த வீட்டை விட்டுவிட்டு ஊரையே வெள்ளம் கொண்டுபோனது, அந்த வீடு இருந்த மேடுதான் ஏரி நடுவே இன்று கோயில் இருக்கும் தீவு. மேலிருந்து ஒரு நாள் வெள்ளம் இறங்கியது என்பதில் புவியியலும் கதையும் ஒத்துப்போகின்றன என்பதை நான் சும்மா தற்செயல் என்று தள்ள மாட்டேன். 2012 மே 5 அன்று சேதி ஆற்றில் மறுபடியும் அப்படியொரு திடீர் வெள்ளம் வந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. இங்கே இது பழங்கதை மட்டும் இல்லை.

இரண்டாம் காலை ஏரிக்கு. விடிந்ததும் படகுத்துறைக்குப் போய்விடுங்கள். கட்டணப் பலகை வைத்திருப்பார்கள், பேரம் தேவையில்லை. துடுப்புப் போடத் தெரியாது என்றால் படகுக்காரரோடு எடுத்துக்கொள்ளுங்கள், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். முதலில் தீவுக்கோயில். தால் பாராஹி என்பது நம் வாராகி அம்மன்தான், பன்றி முகத் தேவி. சின்ன இரண்டடுக்குக் கோயில், புறாக்கள், மணி. சனிக்கிழமை நேபாளத்தில் வார விடுமுறை, அன்று வரிசை நீளும், பலியும் நடக்கும். அதைப் பார்க்க விரும்பாதவர் வேறு நாளில் போகலாம். அங்கிருந்து எதிர்க்கரைக்கு விடச் சொல்லிவிட்டு, காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் அமைதி ஸ்தூபி. ஜப்பானியத் துறவி நிச்சிதத்சு பூஜியின் நிப்போன்சான் மியோஹோஜி சங்கம் கட்டியது. 1973இல் தொடங்கி, அரசு இடையில் இடித்துவிட்டு, மறுபடி கட்டி, 1999இல்தான் முடிந்தது. கீழே ஏரி, எதிரே ஊர், அதற்கு மேலே சாரங்கோட் முகடு, அதற்கும் மேலே வெள்ளை மலை என்று நான்கும் ஒரே பார்வையில் கிடைப்பது இங்கேதான். சாரங்கோட்டில் மலைதான் பிரதானம், இங்கே ஊரும் மலையும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதையே சொல்வேன்.

மேலே நிற்கும்போது ஏரியின் மேற்குக் கோடியைக் கவனியுங்கள். பாமே பக்கம் தண்ணீர் முடிகிற இடத்தில் பச்சையாக வயலும் சதுப்பும் தெரியும். ஹர்பன் ஓடை கொண்டுவரும் வண்டல் படிந்து படிந்து ஏரி அங்கே தரையாகிக்கொண்டு வருகிறது. மலைச்சரிவுகளில் கண்டபடி வெட்டும் சாலைகள் மண்ணை இன்னும் அதிகமாக இறக்குகின்றன, ஆகாயத்தாமரை வேறு படர்கிறது. கரையிலிருந்து 65 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியும் வழக்கும் இழுபறியும் ஓயவில்லை. இந்த ஏரி இல்லாமல் இந்த ஊருக்குப் பிழைப்பு இல்லை. நம்மால் ஆகிற சின்ன வேலை, பிளாஸ்டிக் பாட்டில் வாங்காமல் விடுதிகளில் வைத்திருக்கும் வடிகட்டிய நீரை நிரப்பிக்கொள்வது.

அன்று பிற்பகல் பேக்னாஸ் ஏரிக்குப் போய்விடுங்கள். கிழக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள், உள்ளூர் பஸ்ஸே போகும். லேக்சைடின் கடைத்தெரு எதுவும் அங்கே இல்லை, மீன் பொரிக்கிற சில கடைகளும் படகுகளும்தான். பேக்னாஸையும் ரூபா ஏரியையும் பிரிக்கும் முகட்டில் கொஞ்சம் ஏறினால் இரண்டையும் பார்க்கலாம். குகையா, பேக்னாஸா என்று நேரம் நெருக்கினால் பேக்னாஸ். மலை அருங்காட்சியகம், பழைய கடைவீதி, பிந்தியவாசினி கோயில் எல்லாம் நான்காவது நாள் கிடைத்தால்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் கவலைப்படுவது அநாவசியம். தால் பாத் என்றால் சோறு, பருப்பு, காய், கீரை, ஊறுகாய், கேட்கக் கேட்கப் போடுவார்கள். தக்காலிச் சமையல் என்று பலகை போட்ட கடைகளைத் தேடுங்கள். தக்காலிகள் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் திபெத்து உப்பு வணிகம் செய்த சமூகம், வழிப்போக்கருக்குச் சமைத்துப் போட்டே பெயர் வாங்கியவர்கள். திம்முர் என்ற நாக்கு மரத்துப்போகும் மிளகு போட்ட ஊறுகாய், கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்த குந்த்ருக், களி மாதிரி திண்டோ எல்லாம் அங்கே நன்றாக இருக்கும். கடுகெண்ணெய் வாசம் பிடிக்காதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏரியைப் பார்த்த உணவகங்களை விட்டு ஒரு சந்து உள்ளே போனால் விலை பாதியாகும்.

பணம்: 1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், நிலையான மாற்று. நம் 100 ரூபாய்த் தாளைத் தயங்காமல் வாங்குவார்கள். அதற்கு மேற்பட்ட தாள்களுக்கான விதி அடிக்கடி மாறுவதால் 100களாகவே கொண்டுபோங்கள். 2024 மார்ச்சிலிருந்து நேபாளத்தின் போன்பே (Fonepay, நம் PhonePe அல்ல) க்யூஆர் வைத்த கடைகளில் நம் யூபிஐ வேலை செய்கிறது, ஆனால் டாக்ஸிக்கும் படகுக்கும் ரொக்கம் வேண்டும். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளிவைக்க மறக்காதீர்கள், காலை பஸ் நேபாள நேரப்படி கிளம்பும். திரும்பும் டிக்கெட்டை வந்து இறங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். இந்தியாவுக்குத் தரைவழியாகத் திரும்புவதாக இருந்தால் காட்மாண்டு போகவே வேண்டாம். பொக்காராவிலிருந்து தான்சேன் வழியாக பைரஹவா, சுனவ்லி எல்லை, அங்கிருந்து கோரக்பூர். கோரக்பூரிலிருந்து காட்பாடி, சேலம், கோயம்புத்தூர் வழியாகப் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பொக்காராவிலிருந்து எல்லைக்கே ஒரு பகல் ஆகும், ரயில் டிக்கெட்டை அதற்கு மறுநாளுக்குப் போடுங்கள்.